கடைசி அங்குலம்

கோழிக்கோடு
3 ஜூன் 1974

அன்புத் தம்பி ஆலிக்கோயாவுக்கு,

ஸலாம். இங்கே நான், உன் மச்சான், பிள்ளைகள் எல்லோரும் சுகம். உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? கப்பல் முழுக்கச் சமைத்துப் போடுகிறவன் தான் சாப்பிட மறந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

நலம் விசாரித்தாயிற்று. இனி எழுதப்போவது முழுக்கக் கோபம்.

போன வெள்ளிக்கிழமை ரேடியோவில் ஹம்சக்கோயா பாடினான். ‘உப்புக் காற்றே, ஒரு சொல் கொண்டு போ.’ இத்தனை வருஷமாகப் பாடுகிறான், யாரோ பாடுகிறான் என்று விட்டிருந்தேன். ஆனால் பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? “இயற்றி, மெட்டமைத்து, பாடியவர் ஹம்சக்கோயா.” நான் பத்திரி சுட அரிசி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உருண்டையை ரேடியோ மேலேயே எறிந்தேன். அதன் ஓட்டைகளில் இன்னும் மாவு காய்ந்து கிடக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன். வாயைத் திறக்காமல் இருந்து இருந்துதான் இந்த நிலைக்கு வந்தேன். அந்தப் பாட்டைக் கட்டியவள் நான். பத்தொன்பது வயது. ரிக்கார்டுக் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து கடற்கரை ஓட்டலில் அறை எடுத்தபோது வாப்பா என்னைப் புர்கா போட்டுக் கூட்டிப்போனார். உம்மாவிடம் கண் வைத்தியரிடம் போகிறோம் என்று பொய். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று வாப்பா கேட்டுக்கொண்டதால் லேபிளில் ‘மிஸ் நளினி’ என்று அச்சடித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கெடுத்தவள் நான். வாப்பாவின் பழைய கிராமபோன் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடகர்கள் தங்கள் பெயரைச் சொல்வார்களே, அதைக் கேட்டு வளர்ந்த கழுதை நான். பெயர் சொல்லாவிட்டால் தட்டு முடியாது என்றே நினைத்திருந்தேன். பாடி முடித்தேன், மூச்சு வாங்கினேன், வீட்டுப் பெயரையும் சேர்த்து “தோப்பிலகம் கதீசாபி” என்றேன். கம்பெனிக்காரர்களுக்கு நம் மொழி தெரியாது. அதுவும் பாட்டு என்று வைத்துக்கொண்டார்கள்.

தட்டு வந்த மூன்றாம் நாள் உம்மர்க்காவின் டீக்கடையில் போட்டார்கள். அங்காடி முழுக்கக் கேட்டது. வீட்டுக்கு மூத்த காரணவர் மாமா ஊரில் இருந்த தட்டையெல்லாம் வாங்கி வந்து நம் முற்றத்தில், கிணற்றுக் கல்லில் அடித்து உடைத்தார். வாப்பா தலை குனிந்து நின்றார். நீதான் துண்டுகளைக் கூட்டி அள்ளினாய். எனக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றது. கல்யாண வீட்டில் கைகொட்டிப் பாடுகிற பெண்கள் கூட்டத்தில்கூட அப்புறம் என்னைச் சேர்க்கவில்லை. மாமா மௌத்தாகி நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் நான் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்?

வருகிற பிப்ரவரி 23ஆம் தேதி ஹம்சக்கோயாவுக்கு ஐம்பது வயது. ஆண்கள் கூடிப் பாடுகிற மாடி கிளப்பில் பெரிய விழா. பாட்டுப் புத்தகம் போடுகிறார்கள். முதல் பாட்டு என்னுடையது, அவன் பெயரில்.

கொழும்பு, பினாங்கு, ஏடன் என்று நம் ஆட்கள் கடை வைத்திருந்த ஊர்களுக்கெல்லாம் கம்பெனி அந்தத் தட்டை அனுப்பியது. மாமாவின் கை கடலைத் தாண்டவில்லை. நீ இறங்குகிற ஊரிலெல்லாம் பழைய ரிக்கார்டுக் கடைகளைத் தேடு. சிவப்பு லேபிள், மிஸ் நளினி. ஒரே ஒரு தட்டு போதும். விழாவில் அதைப் போட்டு, கடைசி வரை உட்கார்ந்து கேளுங்களடா என்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் இத்தா



கொழும்பு
27 ஜூன் 1974

அன்புள்ள இத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். வயிறு பரவாயில்லை. மச்சானுக்கு மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

தேடினேன். எந்த ஊரிலும் நல்ல ரிக்கார்டுக் கடை வேண்டுமென்றால் டாக்ஸிக்காரனிடமோ ஓட்டல்காரனிடமோ கேட்கக்கூடாது, இத்தா. தையற்கடையில் கேட்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவனுக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. இங்கே கோட்டைக்கு வெளியே ஒரு சிங்களத் தையற்காரர் இரண்டு கடை சொன்னார். முதல் கடையில் தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கியிருந்தார்கள். அடியில் இருப்பதெல்லாம் வளைந்திருக்கும். வாசலிலேயே திரும்பிவிட்டேன். இரண்டாவது நல்ல கடை. நிற்கவைத்திருந்தார்கள். கடைக்காரர் தட்டை விளிம்பில் பிடித்துத்தான் எடுக்கிறார், வரிமேல் விரல் படுவதில்லை. நம் பாட்டுகள் நாற்பது இருந்தன. எல்லாவற்றையும் புரட்டினேன். இல்லை.

“என்ன மாத்தயா, யாரைத் தேடுறீங்க?” என்றார்.

“ஒரு செத்துப்போன பாட்டை” என்றேன்.

“செத்துப்போனதெல்லாம் இங்கதான் வரும். அடுத்த தடவை வாங்க” என்றார்.

இத்தா, ஒன்று சொன்னால் கோபப்படக்கூடாது. இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. பாட்டு உயிரோடு இருக்கிறது, அதுவே பெரிய விஷயம் இல்லையா? யார் பெயரில் இருந்தால் என்ன? உனக்கும் ரத்த அழுத்தம். கொஞ்சம் விட்டுப்பிடி.

உன் தம்பி
ஆலி



கோழிக்கோடு
15 ஜூலை 1974

தம்பி ஆலிக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். தைலத்தை மச்சானே வந்து வாங்கிக்கொள்வாரா என்ன, யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

யார் பெயரில் இருந்தால் என்னவா? உன் கோழிக்கறியை இன்னொருவன் சமைத்ததாகச் சொல்லிக் கேப்டனிடம் நல்ல பெயர் வாங்கினால் நீ சும்மா இருப்பாயா? கரண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். எனக்கு மட்டும் விட்டுப்பிடியாம்!

நான் கிளப்புக்குப் போனேன். ஆமாம், நானேதான். பெண்கள் மாடி ஏறக்கூடாதாம், படிக்கட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். செக்ரட்டரி பாதிப் படி இறங்கி வந்து பேசினார்.

“இத்தா, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். சாட்சி வேணுமே?”

“ஊரே கேட்டுச்சு. ஊரே சாட்சி.”

“அப்ப ஊர்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

சரியென்று நேராக உம்மர்க்காவின் கடைக்குப் போனேன். “உம்மர்க்கா, அன்னைக்கு உங்க கடையிலதானே எம் பேரு கேட்டுச்சு?” என்றேன்.

“ஞாபகம் இல்ல மோளே. சர்க்கரை வந்ததுல இருந்து எல்லாம் மறந்துபோச்சு.”

பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பி, அதே ஐம்பத்தொன்றில் நடந்த பந்தாட்டத்தில் எவன் எந்தக் காலால் கோல் அடித்தான் என்று கால் மணி நேரம் பேசினார்! கேட்டவர்கள் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாமாவின் கட்டடத்தில் குடியிருந்தவர்கள், மாமாவுக்குப் பயந்தவர்கள். மாமா கபருக்குப் போன பிறகும் அந்தப் பயம் போகவில்லை. மனிதர்களை நம்பிப் பயன் இல்லை. தட்டுக்குப் பயம் கிடையாது. தட்டைக் கண்டுபிடி.

இன்னொன்று. உன் கடிதத்தில் ஹம்சக்கோயாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஊரில் இருக்கும்போது அவனோடுதானே கிளப்பில் கிடப்பாய்? உனக்குக் கோபம் வரவில்லையா?

உன் இத்தா



பினாங்கு
22 ஆகஸ்ட் 1974

அன்புள்ள இத்தாவுக்கு,

ஸலாம். சுகம். இங்கே மழை. நம் ஊர்க்காரர் ஒருவர் கடையில் நெய்ச்சோறு சாப்பிட்டேன். சோறு சரி, நெய்தான் இல்லை.

தைலம் பேப்பூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே தையற்காரர் ஒரு சீனர். அவர் சொன்ன கடை பெரியது. வெளியே பார்த்தால் சைக்கிள் பழுது பார்க்கிற இடம், உள்ளே போனால் மூன்று அறை முழுக்கத் தட்டு. கடைக்காரி ஒரு சீனத்தி, அறுபது வயது இருக்கும். நான் தட்டைக் கையில் எடுத்ததுமே சத்தம் போட்டாள்.

“போட்டுப் பாக்காம எடுத்துட்டுப் போகாதே! அப்புறம் கீறல்னு வந்து நிக்காதே!”

“போட்டுத்தான் பாக்கணும். ஆனா முதல்ல இருந்து வேண்டாம், கடைசி அங்குலம் மட்டும் போடு” என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எல்லாரும் ஆரம்பத்தைக் கேப்பாங்க. நீ ஒருத்தன்தான் முடிவைக் கேக்குற” என்றாள்.

மலபார்த் தட்டுகள் ஒரு கோணிப்பை நிறைய. பச்சை லேபிள் கண்ணில் பட்டதும் அவசரமாக இழுப்பேன், எடுத்துப் பார்த்தால் வேறு யாரோ. சாயங்காலம் வரை உட்கார்ந்து புரட்டினேன். கப்பலில் சோறு தாமதமாகி எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். கிடைக்கவில்லை, இத்தா. அடுத்தது மொம்பாசா. அங்கே பார்க்கிறேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி
ஆலி



கோழிக்கோடு
20 செப்டம்பர் 1974

தம்பி ஆலிக்கு,

ஸலாம். சுகம். தைலம் வந்தது. மச்சான் தேய்த்துக்கொண்டு வீடெல்லாம் நாற அடிக்கிறார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்கே தெரியுமா? நான் உனக்கு எழுதியது சிவப்பு லேபிள். நம் முற்றத்தில் உடைந்து கிடந்ததெல்லாம் சிவப்பு. உன் கையால் கூட்டி அள்ளியவன் நீ. பிறகு ஏன் பச்சையைத் தேடுகிறாய்? மிஸ் நளினியின் தட்டு பச்சையில் வந்தது என்று உனக்கு யார் சொன்னது?

பூசி மெழுகாமல் பதில் எழுது.

உன் இத்தா



மொம்பாசா
29 அக்டோபர் 1974

அன்புள்ள இத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம். நடுவில் ஐந்து நாள் காய்ச்சல். இப்போது தேவலாம். இங்கே வெங்காயம் நன்றாக இருக்கிறது, கப்பலுக்கு எட்டு மூட்டை ஏற்றினேன். உனக்குப் பூப்போட்ட துணி இரண்டு வாங்கி, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். பெருநாள் விடுமுறைக்குக் கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. ரிக்கார்டு பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஸலாம் சொல்லு.

ஆலி



கோழிக்கோடு
18 நவம்பர் 1974

ஆலிக்கு,

ஸலாம். வெங்காயம் நன்றாக இருக்கிறதா? சந்தோஷம். உரித்துக்கொண்டே இதைப் படி.

நீ பதில் சொல்ல மாட்டாய் என்று தெரிந்ததும் ஹம்சக்கோயாவின் குடைக்கடைக்குப் போனேன். தலசேரியிலிருந்து அவன் இங்கே வந்ததே ஐம்பத்தைந்தில்தான். அதனால் அவனுக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. “வாங்க இத்தா, பெண்கள் குடை புதுசா வந்திருக்கு” என்று ஒன்றை எடுத்துக் காட்டினான்.

“குடை வேண்டாம். ‘உப்புக் காற்றே’ யார் கட்டினது?”

“நான்தான்.”

“குர்ஆன் மேல கை வச்சுச் சொல்லுவியா?”

குடையை ஒருமுறை சுற்றினான். “கட்டினதுன்னா... அது ஒரு அனாதைப் பாட்டு இத்தா. முதல் ரெண்டு சரணம் பழைய தட்டு ஒண்ணுல இருந்துச்சு. மூணாவது சரணம் என்னோடது. நான் எடுத்து வளத்தேன்.”

“எந்தத் தட்டு?”

“பச்சை லேபிள். வெளிநாட்டுக்குன்னு தனியா அடிச்சது. மிஸ் நளினின்னு ஒருத்தி பாடினது. பாவம், சிலோன்ல காலரா வந்து செத்துப்போயிட்டாளாம்.”

“யார் சொன்னா?”

“நம்ம ஆலிதான்! அறுபத்திரண்டுல ஏடன்ல இருந்து கொண்டு வந்தான். கிளப்புல போட்டோம். ரெண்டு நாள் வச்சு மெட்டை எடுத்துக்கிட்டேன், திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்.”

“கடைசியில அவ பேரைச் சொல்லலையா?”

“கடைசியில எங்க? ஒரே கீறல். முள்ளு தாவித் தாவி விழுந்துச்சு.”

“காலராவுல செத்துப்போனவ நான்தான்” என்றேன். கையிலிருந்த குடை பட்டென்று விரிந்துகொண்டது. அதை மடக்கிக் கொக்கியில் மாட்டினான். அப்புறம் வியாபாரி புத்தி வந்தது. “இத்தா, தப்பா நினைக்காதீங்க. சும்மா வாயால சொன்னா எப்படி? நாளைக்கு இன்னொருத்தி வந்து நான்தான் நளினின்னு நிப்பா. புஸ்தகம் அச்சுக்குப் போயாச்சு” என்றான்.

அவன் மேல் எனக்குக் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. குறைந்த பாதி உன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

காலராவா, ஆலி? வேறு நல்ல சாவு கிடைக்கவில்லையா எனக்கு? ரேடியோவில் அவன் பாடும்போதெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரி தின்றாயே, அந்த வாய்க்கு எப்படி இறங்கியது?

இரண்டு கேள்வி. தட்டு எங்கே? கடைசி அங்குலத்தில் கீறியது யார்?

கதீசாபி



கோழிக்கோடு
30 டிசம்பர் 1974

ஆலிக்கு,

ஆறு வாரம் ஆயிற்று. உன் கப்பல் இன்னும் மொம்பாசாவில்தான் பழுதுபார்க்க நிற்கிறது என்று ஏஜென்ட் ஆபீசில் விசாரித்துவிட்டேன். காய்ச்சல் என்று எழுதாதே. கடை மூடியிருந்தது என்று எழுதாதே. துணி அனுப்பாதே. முதலில் அனுப்பியதைப் பாத்திரம் துடைக்கப் போட்டாயிற்று.

விழாவுக்கு இன்னும் ஐம்பத்தைந்து நாள்.

கதீசாபி



மொம்பாசா
12 ஜனவரி 1975

இத்தாவுக்கு,

ஸலாம். சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

கீறியது நான்தான்.

ஏடனில் ஒரு குஜராத்தி போரா வியாபாரியின் கடை. ஈய டப்பாக்களுக்குப் பின்னால் தட்டுகளை வைத்திருந்தார். எதையோ தேடப்போய் மிஸ் நளினி கையில் வந்தாள். கடையிலேயே போடச் சொல்லிக் கேட்டேன். கடைசியில் உன் பெயர் வந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஊருக்குக் கொண்டுவர ஆசை. அப்போதுதான் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் ஏற்கெனவே “பாட்டுக்காரி வீடுதானே” என்று ஒருமுறை சொல்லியிருந்தார்கள். மாமாவும் அப்போது உயிரோடு இருந்தார். பாட்டு ஊரில் கேட்க வேண்டும், உன் பெயர் கேட்கக்கூடாது. அதற்கு ஒரே வழி இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. கப்பல் சமையலறையில், அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்து, கடைசி அங்குலத்தில் மூன்று கீறு கீறினேன். கிளப்பில் யாரடா பாடியது என்று கேட்டார்கள். செத்துப்போனவள் என்றால் மேலே கேட்கமாட்டார்கள் என்று சொன்னேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். உம்மர்க்காவும் இருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து உன்னைப் புதைத்தோம். அந்தக் கல்யாணமும் மூன்று மாதம்தான் நிலைத்தது.

தையற்காரனிடம் கேட்டால் நல்ல கடை தெரியும் என்று எழுதினேனே, அது எனக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டு வருஷமாகத் தேடுகிறேன், இத்தா. நீ தேடச் சொன்னது போன ஜூனில்தான். சிங்கப்பூரிலும் பஸ்ராவிலும் ரங்கூனிலும் எந்தத் தெருவில் எந்தக் கடை, எந்தக் கடைக்காரன் முள்ளை மாற்றாமல் தட்டைக் கெடுப்பான் என்று எனக்குத் தெரியும். கீறல் இல்லாத ஒரு தட்டு கிடைத்தால் கொண்டுவந்து உன் மடியில் வைத்துவிட்டு, பழையதைக் கடலில் போட்டுவிடலாம் என்றிருந்தேன். கிடைக்கவே இல்லை.

மொம்பாசாவிலும் கடை திறந்துதான் இருந்தது. பெருநாள் என்று எழுதியது பொய்.

பேப்பூர் அப்துவிடம் தட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, என் கம்பளிச் சட்டையைச் சுற்றியிருக்கிறேன். பாட்டு முழுக்க நன்றாக இருக்கிறது. உன் பெயர் மட்டும் இல்லை. இதை வைத்து நீ எதையும் நிரூபிக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அது உன்னுடையது.

என்னை மன்னிக்க முடிந்தால்

ஆலி



கோழிக்கோடு
24 பிப்ரவரி 1975

ஆலிக்கு,

ஸலாம். நான் சுகம். ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதாம். டாக்டருக்கே ஆச்சரியம்.

தட்டு உடையாமல் வந்து சேர்ந்தது. அப்துவுக்கு முட்டைமாலை இனிப்பு செய்து கொடுத்தேன். அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு வாப்பாவின் கிராமபோன் பெட்டியில் போட்டேன். நான் எப்படிப் பாடியிருக்கிறேன், ஆலி! இரண்டாவது சரணத்தில் மேலே போகிற இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இந்தக் குரலை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பால்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன்! அப்புறம் கடைசி அங்குலம் வந்தது. கர், கர், கர். மூன்று கீறு. உன்னைப் பெயர் சொல்லி மூன்று முறை திட்டினேன். இங்கே எழுத முடியாது.

நேற்று விழா. வெயில் நேரம், நாலு மணி. உன் மச்சான் காலையிலிருந்தே “பழைய குப்பையைக் கிளறாதே, என் மானத்தை வாங்காதே” என்று முனகிக்கொண்டிருந்தார். நான் கிராமபோன் பெட்டியைத் தூக்கியதும், “மூட்டு வலிக்குது, மெதுவா நட” என்று பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனார். மனிதரைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. கிளப்புப் படிக்கட்டில் செக்ரட்டரி கையை விரித்து மறித்தார்.

“இத்தா, பெண்கள் மேலே...”

“அம்பது வயசுக்காரனுக்குப் பரிசு கொண்டு வந்திருக்கேன். வழி விடு.”

மாடி முழுக்க ஆண்கள். ஹம்சக்கோயா மாலையோடு நடுவில். மச்சான் பெட்டியைக் கீழே வைத்துச் சாவி கொடுத்தார், நான் முள்ளை வைத்தேன். ‘உப்புக் காற்றே.’ முதல் வரியிலேயே பேச்சு நின்றது. விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்தினார்கள். ஹம்சக்கோயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு சரணமும் முடிந்தது. நான் மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. அதுவரை உன் ஊசி படவில்லை.

கர் என்றது. நான் முள்ளைத் தூக்கினேன். எழுந்து நின்று, அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னேன்:

“தோப்பிலகம் கதீசாபி.”

செக்ரட்டரிதான் முதலில் இருமினார். “இத்தா, தட்டுல அந்தப் பேரு இல்லையே?”

“இருந்துச்சு. சொறிஞ்சு எடுத்துட்டாங்க. சொறிஞ்ச இடத்துல நான் சொல்றேன், அவ்வளவுதான்.”

பின் வரிசையில் நாற்காலி ஒன்று சாய்ந்தது. உம்மர்க்கா! “அதேதான்! இதே எடத்துலதான் அன்னைக்கு எங் கையில இருந்த டீ கொட்டிச்சு! மூச்சு வாங்கி, பேரைச் சொல்லி... அல்லாவே, அதே குரல்!” சர்க்கரை வியாதி அந்த நிமிஷத்தில் குணமாகிவிட்டது போலிருக்கிறது. அவர் வாயைத் திறந்ததும் பக்கத்திலிருந்த கிழவர்களுக்கும் ஒவ்வொருவராக ஞாபகம் வந்துவிட்டது. நானும் கேட்டேன், நானும் கேட்டேன் என்று ஒரே கூச்சல். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆலி. ஆத்திரம்தான் வந்தது. “இருபத்து நாலு வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க எல்லாரும்?” என்று கத்திவிட்டேன். 

ஹம்சக்கோயா மாலையைக் கழற்றவில்லை. அப்படிப்பட்ட ஆள் அவன் இல்லை. புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் பேனாவால் தன் பெயரை அடித்து என் பெயரை எழுதினான். “முந்நூறு பிரதி இருக்கு. எல்லாத்துலயும் எங் கையாலயே எழுதணுமா இத்தா?” என்றான் பரிதாபமாக.

“எழுது. மூணாவது சரணம் உன்னோடதுன்னும் எழுது. அது நல்லா இல்ல.”

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதே. மாமா உடைத்தார். ஆனால் ஊர் பார்க்க, பட்டப்பகலில் உடைத்தார். அவர் மேல் என்னால் நேராகக் கோபப்பட முடிந்தது. நீ என் பாட்டை அழுதுகொண்டே கேட்டுவிட்டு, என் பெயரை மட்டும் சுரண்டினாய். அப்புறம் பன்னிரண்டு வருஷம் என் கையால் பத்திரி தின்றாய். எது பெரிய குற்றம் என்று நீயே வெங்காயம் நறுக்கும்போது யோசித்துக்கொள்.

மாமாவுக்குப் பிறகு இந்த வீட்டின் காரணவர் நீ. வீடு பெண்வழியில் என்னுடையது. காரணவரின் நாற்காலியைத் துடைத்து, உன் அறையில் கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டேன். சாவி என் இடுப்பில். கீறல் இல்லாத தட்டு, கடைசி அங்குலம் வரை முழுசாக, உன் கையில் இருக்கிற அன்று அந்த அறை திறக்கும். அதற்கு முன்னால் வந்தால் திண்டாடி நிற்பாய். மச்சானும் பரிந்து பேசமாட்டார், நான் கேட்டுவிட்டேன்.

நல்ல கடைகள் உனக்குத் தெரியும். தையற்காரர்களைக் கேள். அந்தச் சீனத்தியிடம் மறுபடி போ. ரங்கூனுக்குப் போ. கொழும்புக் கடைக்காரர் செத்துப்போனதெல்லாம் அங்கேதான் வரும் என்றாரே, அங்கே போய் நான் இன்னும் சாகவில்லை என்று சொல்லிவிட்டுத் தேடு. முள்ளை எடுத்துக் கடைசியில் வைக்கச் சொல். பெயர் கேட்டால் மட்டும் எனக்கு எழுது.

அதுவரை நேரத்துக்குச் சாப்பிடு. வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. மனசாரத் திட்டுவதற்கு எனக்கு உன்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

இப்படிக்கு,
தோப்பிலகம் கதீசாபி